கிடாய் துலுக்குவது எப்படி

ஆட்டை எங்கே நனைத்தால் அது உடம்பை உலுக்கும், எங்கே நனைத்தால் கல் மாதிரி நிற்கும் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் தெரிந்துகொண்டதெல்லாம் அப்படித்தான்.

எங்கள் ஊர் குண்டடத்துக்குப் பக்கம். ஊருக்கு வெளியே கருப்பணசாமி கோயில். கிடாயை வெட்டுவதற்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உலுக்கினால் 'துலுக்கிருச்சு' என்பார்கள். சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உடனே அரிவாள் இறங்கும். பையனாக இருந்தபோது எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பட்டியில் இருந்த பதினோரு ஆடுகளையும் ஒவ்வொன்றாகக் கட்டிவைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முதுகில் ஊற்றினால் நின்றன. கழுத்தில் ஊற்றினால் சில உலுக்கின, சில உலுக்கவில்லை. காதுக்குள் நாலு சொட்டு இறங்கினால் பதினொன்றும் உலுக்கின. வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரை முதுகில் மெல்ல விட்டால் தோல்கூடச் சிலிர்க்கவில்லை. இதில் சாமி எங்கிருந்து வந்தது? ஊரே முட்டாள் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நாற்பது வயதுவரை அந்த முடிவை மாற்றவில்லை.

பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டர் ஆனேன். அங்கேயும் இதே கதைதான். மெஷினில் ஒரு ஊசி முனை உடைந்தால் துணியில் மேலிருந்து கீழே ஒரு கோடு விழும். மற்றவர்கள் மெஷினுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எந்த மெஷின், எத்தனையாவது ஊசி என்று சொல்லிவிடுவேன். முதலாளிகூட என்னை 'சுப்பண்ணன் கண்ணு எக்ஸ்ரே' என்பார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்திரண்டாம் வருடம் பங்குனியில் என் தம்பி வெள்ளையன் செத்துப்போனான். கம்பெனிக்கு ஆள் வந்து சொல்லி, நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கிணற்றிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். பின்மண்டை பிளந்து, உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் கிடந்தான். அவன் மனைவி மருதாள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. போலீஸ்காரர் வந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, 'கால் தவறி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கால் தவறி விழுகிறவன் கை எதையாவது பிடிக்கும். வெள்ளையனின் வலது கை மூடியிருந்தது. யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பிரித்தேன். விறைத்த விரல்கள், ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பனியன் துணி கிழிந்து வந்திருந்தது. வெள்ளையன் பனியனே போடமாட்டான், அரிக்கிறது என்பான். துணியை வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு கோடுகள், நடுவில் மூன்று பின்னல் கண்ணி இடைவெளி. எங்கள் கம்பெனியின் மூன்றாம் நம்பர் மெஷின். ஐப்பசியில் இரண்டு ஊசி ஒரே நேரத்தில் போய், விற்க முடியாமல் ஒதுக்கிய பனியன்களில் இரண்டை நான்தான் தீபாவளிக்கு ஊருக்குக் கொண்டுவந்தேன். இரண்டையும் என் சித்தப்பா மகன் பொங்கியண்ணனுக்குக் கொடுத்தேன்.

பொங்கியண்ணனுக்கும் எங்களுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் அவன் முறை, ஒருநாள் எங்கள் முறை. அந்தக் கோடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. யார் முறையில் எவ்வளவு இறைப்பது என்று தினமும் வாய்ச்சண்டை. இதற்கு மேல் என்ன வேண்டும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாலு பேர் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். ஒருவன் மூக்கை முழங்கையால் உடைத்தேன். மூன்று நாள் என்னை வீட்டை விட்டு வெளியே விடவில்லை.

எங்கள் குலத்துக்கு நியாயம் பேசுகிறவர் ஆறுச்சாமிப் பெரியப்பா. கொத்துக்காரர் என்போம். எழுபது வயது, பல்லில்லாத வாய், எதையும் மெல்லப் பேசுகிறவர். கருமாதி முடிந்ததும் அவர் முன்னால் அந்தத் துணியைப் போட்டேன். மெஷின் நம்பர் உட்பட எல்லாம் சொன்னேன். அவர் துணியை எடுத்து, கோட்டை விரலால் தடவி, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி சாமி. கெடாயக் கேட்டுக்கலாம்."

"கையில சாச்சி இருக்குதுங்க பெரியப்பா. ஆட்டைக் கேக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?"

"உன் சாச்சி உன்ற கிட்டயே இருக்கட்டும். பங்காளிக்குள்ள ரத்தம் சிந்துனா கெடாயக் கேக்கறதுதான் வழக்கம்."

எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. கூடப் பிறந்தவன் மண்டை பிளந்து செத்திருக்கிறான். இவர் ஆட்டிடம் யோசனை கேட்கிறார்.

வழக்கம் இதுதான். கருப்பணசாமி முன்னால் கிடாயை நிறுத்துவார்கள். குற்றம் சுமத்தப்பட்டவன் ஒருபக்கம் நிற்பான். இழப்புக்கு ஆளான வீட்டு ஆம்பிளை தன் கையால் மூன்று சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிடாய் துலுக்கினால் அங்கேயே வெட்டி, இரண்டு வீடும் ஒரே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டு, அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். மூன்று சொம்புக்கும் துலுக்காவிட்டால் கொத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். எல்லாரும் முதுகைக் காட்டிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தாலும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றும் சொம்பை எதிராளி கையிலேயே கொடுக்கிறார்களே, இதைவிட மடத்தனம் உண்டா? என் நினைவில் இப்படி ஐந்தாறு முறை கேட்டிருக்கிறார்கள். ஒருமுறைகூடக் கிடாய் துலுக்காமல் போனதில்லை. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். விவரம் தெரியாமல் தலையில் கவிழ்க்கிறார்கள், தண்ணீர் காதுக்குள் போகிறது, ஆடு உலுக்குகிறது. இவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சரி, இந்த முறை விவரம் தெரிந்தவன் ஊற்றப் போகிறான். பொங்கியண்ணனை ஊரே என் கையில் ஒப்படைக்கப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனோம். ஆம்பிளைகள் இருபது பேர். கறுப்புக் கிடாய், கழுத்தில் அரளி மாலையும் ஒரு மணியும். நான் முன்னாடியே போய்த் தண்ணீர்க் குடத்தை வெயிலில் எடுத்து வைத்திருந்தேன். யாரோ ஒருவர் அதை நிழலுக்கு நகர்த்தினார். நான் மறுபடி வெயிலுக்கு இழுத்தேன். ஆறுச்சாமிப் பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கியண்ணன் வெற்று மார்போடு வந்து நின்றான். தோள்பட்டையில் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு நீளக் காயம். யாரும் அவனைக் கட்டவில்லை. அவன் ஓடவுமில்லை. கிடாயை அவன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தேன்.

முதல் சொம்பை முதுகுத்தண்டு மேல் நூல் பிடித்த மாதிரி விட்டேன். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது. கிடாய் நின்றது.

"தலைக்கு ஊத்து சாமி," என்றார் ஆறுச்சாமிப் பெரியப்பா.

"முதுகுல ஊத்தக் கூடாதுன்னு வழக்கம் இருக்குதுங்களா?"

"இல்ல. உன்ற கை, உன்ற இஷ்டம்."

இரண்டாவது சொம்பையும் முதுகில்தான் ஊற்றினேன். கிடாய் வாலை ஆட்டியது, அவ்வளவுதான். மூன்றாவது சொம்பை மொண்டபோது பொங்கியண்ணன் மெல்ல, "அண்ணா," என்றான். நான் திரும்பவில்லை. பின்னந்தொடைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முடித்தேன். கிடாய் கீழே கிடந்த அரளிப் பூவை முகர்ந்துகொண்டு நின்றது.

ஆறுச்சாமிப் பெரியப்பா ரொம்ப நேரம் எழவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். கிடாயை வேப்பமரத்தில் கட்டிவிட்டு எல்லாரும் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி முளைக்குச்சி ஒன்றைக் காலையிலேயே கோயில் சுவரோரம் போட்டு வைத்திருந்தேன். கருவேலம், கை மணிக்கட்டு கனம். எடுத்தேன்.

"அண்ணா, ஒரு வார்த்தை சொல்லீர்றனுங்க," என்றான்.

முதல் அடி வாயில். பல்லோடு சேர்ந்து வார்த்தையும் உள்ளே போயிற்று. இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே உடைந்து கை வேறு பக்கம் மடங்கியது. அதற்குப் பிறகு அவன் தடுக்கவில்லை. மண்டியிட்டான். தோளில் அடித்தேன், விலாவில் அடித்தேன். விலா உடைவது சுள்ளி ஒடிகிற சத்தம்தான். கவிழ்ந்த பிறகும் முதுகில் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் 'வெள்ளையா' என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர்கூட வாயில் வரவில்லை, மூச்சுதான் வந்தது. கடைசியில் பின்மண்டையில் ஒன்று. என் தம்பிக்கு விழுந்த அதே இடத்தில் விழ வேண்டும் என்று பார்த்து, இடம் தேர்ந்து அடித்தேன்.

அவன் மூச்சு இருந்தது. தொண்டையில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தானாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மனசு லேசாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

தெருமுனையிலேயே மசாலா வாசனை அடித்தது. எங்கள் வாசலில் மூன்று கல் அடுப்பு மூட்டி, குலத்துக்குப் பொதுவான பெரிய அண்டாவை ஏற்றியிருந்தார்கள். என் மனைவி மயிலாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல்லில் மருதாள் மசாலா ஆட்டினாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவள் செல்லாத்தாள். பொங்கியண்ணனின் மனைவி. என் தம்பியைக் கொன்றவனின் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டியோடு ஒரே கல்லில். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

என் வேட்டியெல்லாம் ரத்தம். அதைப் பார்த்ததும் செல்லாத்தாளின் முகம் மலர்ந்தது. எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு, கை கழுவ ஊற்றுவதற்கு ஓடிவந்தாள்.

"கெடாய் நல்லாத் துலுக்குச்சுங்களா மாமா? கறி எங்கீங்க, பின்னால வருதுங்களா?"

என் கையில் தண்ணீர் விழுந்து சிவப்பாக வழிந்தது. அவள் இன்னும் சிரித்தபடி இருந்தாள்.

"துலுக்கல," என்றேன்.

செம்பு கீழே விழவில்லை. அவள் அதைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள். என் வேட்டியை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயில் பக்கம் ஓடினாள்.

மயிலாத்தாள் உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். "காதுல ஊத்தலீங்களா?" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "காதுல ஊத்துனாத் துலுக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இதென்னுங்க கேள்வி? ஆடு வெச்சிருக்கற ஊட்ல பொறந்தவளுக்கு இது தெரியாதுங்களா? ஊர்ல ஆருக்குத் தெரியாது? காதுல ஊத்தறதுக்குத்தானுங்க உங்க கையில சொம்பையே குடுக்கறாங்க."

"அப்ப ஆரு கொன்னான்னு கண்டுபுடிக்கறது?"

"அதுக்கு ஆடு எதுக்குங்க? அதுதான் எல்லாருத்துக்கும் தெரியுமே. பொங்கியண்ணன் மூணாம் நாளே கொத்துக்காரரு காலுல உளுந்து சொல்லியாச்சு. உட்டுத்தர மனசு இருக்குதா, இல்லையான்னு உங்களைத்தானுங்க கேட்டாங்க. வாயால கேட்டா இல்லைன்னு சொல்லீருவீங்க. அதுக்குத்தான் சாமி பேரைச் சொல்லி, தண்ணியக் கையில குடுக்கறது."

அப்போது மருதாள் ஆட்டுக்கல்லை நிறுத்தினாள். கையில் மஞ்சளும் மிளகாயும் ஒட்டியிருந்தன. என் தம்பி செத்ததிலிருந்து அவள் என் எதிரில் பேசியதில்லை.

"நான் அங்கயேதானுங்க இருந்தேன் மாமா. சோறு கொண்டுக்கிட்டுப் போனேன். மம்முட்டிக் காம்பால முதல்ல அடிச்சது உங்க தம்பிதானுங்க. மூணு அடி. நாலாவதுக்கு ஓங்கையில செல்லாத்தா ஊட்டுக்காரரு தள்ளி உட்டாங்க. இவிய அவியளோட பனியனைப் புடிச்சுக்கிட்டே போயி, கல்லுல மண்டை அடிச்சு உள்ள போயிட்டாங்க. அவியதான் கெணத்துல எறங்கித் தூக்குனது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க என்னையக் கேக்கவே இல்லீங்களே. அன்னிக்குப் பொணத்தோட கையப் பிரிச்சீங்க. பக்கத்துலதான உக்காந்திருந்தேன், எம்மூஞ்சியப் பாக்கலீங்களே. அதுக்கப்புறம் உங்களைப் பாத்தாப் பயமா இருந்துச்சுங்க. கொத்துக்காரரு கிட்டச் சொன்னேன். ஊத்தறவன் மனசறிஞ்சு ஊத்தோணும், நடுவுல ஆரும் பேசக் கூடாது, அதுதான் வழக்கம்னு சொன்னாரு. சுப்பண்ணன் வெவரமானவன், ஊத்தீருவான்னாரு. எம்பட குழந்தைகளுக்கு இனி தண்ணி கட்டறதுக்கு அவிய இருக்கறாங்கன்னு நெனச்சுத்தான் நானும் மசாலா ஆட்ட உக்காந்தேன்."

அவள் அழவில்லை. ஆட்டுக்கல்லில் இருந்த மசாலாவை வழித்து, வழித்து, வாசல் மண்ணில் எறிந்தாள்.

எனக்கு என்ன தோன்றியது என்று ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வெட்கம். அதைவிடப் பயம். பதினோரு ஆடுகளைச் சோதித்தவன், ஐந்தாறு முறை கிடாய் துலுக்கியதைக் கண்ணால் கண்டவன், ஊற்றியவர்களின் முகத்தை ஒருமுறையாவது பார்த்தேனா? அவர்களும் அண்ணனையோ மகனையோ இழந்தவர்கள்தான். விவரம் தெரியாமல் ஊற்றினார்கள் என்று நினைத்தேன். தெரிந்துதான் ஊற்றியிருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, தெரிந்தே காதில் ஊற்றியிருக்கிறார்கள். எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஊற்றியிருப்பேனா? ஆம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் குடத்தை வெயிலுக்கு இழுத்தவன் நான்.

மூச்சு இருந்தது, தொண்டையில் கொப்பளித்தது என்பது நினைவுக்கு வந்தது. ஓடினேன். இடறி விழுந்து, எழுந்து ஓடினேன். தாராபுரத்துக்கு வண்டி கட்டினால் இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினேன்.

கோயிலில் வெயில் சாய்ந்திருந்தது. போன ஆம்பிளைகள் திரும்பி வந்திருந்தார்கள். செல்லாத்தாள் பொங்கியண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உடைந்த கையை நேராக்கி அவன் நெஞ்சின் மேல் வைக்கப் பார்த்தாள். அது ஒவ்வொரு தடவையும் சரிந்து விழுந்தது. கொப்பளிப்புச் சத்தம் கேட்கவில்லை.

கிடாய் வேப்பமரத்தில் கட்டியபடியே நின்றது. குடத்தில் மீதித் தண்ணீர் இருந்தது. நான் சொம்பை எடுத்து மொண்டு, ஒரு கையால் கொம்பைப் பிடித்து, அதன் காதில் ஊற்றினேன். கழுத்து மணி அதிர, தலையிலிருந்து வால்வரை உலுக்கியது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. மறு காதிலும் ஊற்றினேன். மறுபடியும் உலுக்கியது. "துலுக்கிருச்சு," என்றேன். "பாருங்க, துலுக்கிருச்சுங்க பெரியப்பா," என்று இன்னொரு சொம்பு மொண்டேன்.

ஆறுச்சாமிப் பெரியப்பா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கையில் கோபமில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"சொம்பைக் கீழ வெய்யி, சுப்பண்ணா. போயிக் கால்மாட்டுல புடி. பங்காளிதான் தூக்கோணும். நெருங்குன பங்காளி இனி நீ ஒருத்தந்தான்."

செல்லாத்தாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள், காறித் துப்புவாள் என்று நின்றேன். அவள் அவன் தலையை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்துவிட்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். நான் குனிந்து அவன் இரண்டு கால்களையும் பிடித்தேன். இன்னும் சூடாகத்தான் இருந்தன.